நாய் உண்ணிக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா?

கடலூர்ப் பக்கம் நாய் வளர்க்கிற வீட்டில் உண்ணித் தொல்லை வருஷம் முழுக்க ஓயாது. எங்கள் வீட்டில் சொட்டு மருந்தை விட்டு மாத்திரைக்கு மாறிவிட்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை விலை கூடுதல், சரி. ஃபிப்ரோனில் சொட்டு மருந்து ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். ஃப்ளூராலனர் மாத்திரை ஒன்று போட்டால் 12 வாரம்; அஃபாக்சோலனர் என்றால் மாதம் ஒன்று.

முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்தான். சொட்டு மருந்தைத் தோள்பட்டைகளுக்கு நடுவே, முடியை விலக்கித் தோல்மேல் படும்படி விட வேண்டும். தோலின் எண்ணெய்ப் பசையோடு அது உடம்பெங்கும் பரவுகிறது. அதனால்தான் விடுவதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டக் கூடாது என்கிறார்கள். எங்கள் நாயோ தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் அலையில் இறங்காமல் திரும்பாது. வீட்டுக்கு வந்ததும் உப்பும் மணலும் போக ஷாம்பு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை வேறு. இப்படி நனைந்துகொண்டே இருந்தால் மாதக் கடைசிவரை மருந்து நிற்காது. காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிய உண்ணிகள் மறுபடி கையில் தட்டுப்படும். மாத்திரை உள்ளே போய் ரத்தத்தில் கலந்துவிடுவதால் எத்தனை முறை குளிப்பாட்டினாலும் கவலையில்லை.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு விஷயம்: பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனைக்கு விஷம். நாயோடு ஒட்டிப் படுக்கிற பூனைக்கு அதுவே போதும், ஆபத்து.

மாத்திரையிலும் குறை உண்டு. உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். அதற்கே பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற நோய்க்கிருமி நாய்க்குள் போக வாய்ப்பிருக்கிறது. உண்ணியைக் கடிக்கவிடாமல் விரட்டுவதில் பெர்மெத்ரின் கெட்டிக்காரன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. எங்கள் நாய்க்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எடை பார்த்து வாங்கி, ஃப்ளூராலனரைச் சாப்பாட்டோடு கொடுங்கள். பெரிய நாய் மாத்திரையை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பிட்டுப் போடும் சிக்கனம் வேண்டாம். மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்தைக் கணக்கில்லாமல் கலந்து நாய்மேல் ஊற்றுவதும் வேண்டாம்.

எதைப் போட்டாலும் சுவர் விரிசலையும் நாய் படுக்கிற சாக்கையும் கவனிக்காவிட்டால் பயனில்லை. ரத்தம் குடித்து விழுந்த பெண் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக்கான கழுத்துப் பட்டையை நாங்கள் கட்டிப் பார்த்ததில்லை. கடலில் இறங்குகிற நாய்க்கு அது எத்தனை நாள் தாங்குகிறது என்று கட்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.