பச்சை டிக்கோடு வந்த பொய்: ஹோஸ்டிங் சர்வர்களில் புரோமிதியஸ் அனுபவம்

சர்வர்களைக் கண்காணிக்கும் புரோமிதியஸ் என்ற மென்பொருளைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு ஆரம்பித்தால் நியாயம் தவறிவிடும்.

எங்களுடையது சின்ன ஹோஸ்டிங் நிறுவனம். சிபேனல் போட்டுப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு சர்வர்கள், கொஞ்சம் வி.பி.எஸ். (ஒரே மெஷினைப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்), பெரிய கிளையன்ட்டுகளுக்குத் தனி சர்வர். திருப்பூர் பனியன் கம்பெனிகள், பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள் என்று வாடிக்கையாளர்கள். யாருக்கும் சர்வர் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. சைட் வரவில்லை என்றால் மட்டும் போன் வரும். அந்த போன் வருவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் மானிட்டரிங்கிடம் நாங்கள் கேட்பது.

முன்பு நாகியோஸ் என்ற பழைய மானிட்டரிங் மென்பொருளை வைத்திருந்தோம். ஒவ்வொரு புது சர்வருக்கும் ஹோஸ்ட் ஒன்று, அதன் கீழ் டிஸ்க், லோடு, மெயில், மைஎஸ்கியூஎல் என்று ஒவ்வொரு சர்வீஸையும் எழுதிச் சேர்க்க வேண்டும். புரோமிதியஸுக்கு வந்த பிறகு அந்த வேலையே இல்லை. சர்வரின் நிலவரத்தை எண்களாகத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரை அதில் ஏற்றி, பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. டிஸ்க் அலர்ட்டுக்கான விதி ஒன்றே ஒன்று. இன்றைக்கு இருக்கும் சர்வருக்கும், அடுத்த மாதம் வரப்போகும் சர்வருக்கும், அதில் யாரோ புதிதாக மாட்டப்போகும் டிஸ்க்குக்கும் அதே விதி தானாகப் பொருந்தும். புரோமிதியஸ், 2012இல் சவுண்ட்கிளவுட் என்ற இசை நிறுவனத்துக்குள் அவர்களுடைய தேவைக்காக எழுத ஆரம்பித்தது; 2016இல், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கு அடுத்தபடியாக, கிளவுட் மென்பொருள்களுக்கான சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. சர்வர்கள் நிமிடத்துக்கு நிமிடம் வந்து போகும் இடத்துக்காகப் பிறந்த மென்பொருள் என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் மனதாரக் கொண்டாடும் விஷயம் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர். ஒரு ஃபோல்டரில் ஒரு ஃபைல், அதில் ஒரு பெயரும் ஒரு எண்ணும். அவ்வளவுதான், அது மெட்ரிக், அதாவது புரோமிதியஸ் கண்காணிக்கும் ஒரு அளவு, ஆகிவிடும். எக்ஸிம் என்ற மெயில் மென்பொருளின் க்யூவில் எத்தனை மெயில் நிற்கிறது என்று எண்ணி எழுதும் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டோம். ஷேர்டு ஹோஸ்டிங் நடத்துகிறவர்களுக்கு இந்த ஒரு எண்ணின் மதிப்பு தெரியும். ஏதோ ஒரு கிளையன்ட்டின் பழைய வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக யாராவது உள்ளே வந்து ஸ்பாம் அனுப்ப ஆரம்பித்தால், முதலில் துள்ளுவது இந்த க்யூதான். சர்வரின் ஐபி பிளாக்லிஸ்டில் விழுவதற்கு முன்பே அந்த அக்கவுன்ட்டை நிறுத்திவிட முடிகிறது. கடைசியாக வெற்றிகரமாக முடிந்த பேக்கப்பின் நேரத்தையும் இப்படித்தான் எழுதிவைக்கிறோம். தனியாக பிளகின் எழுத வேண்டாம், அதற்கு ஒரு மொழி கற்க வேண்டாம்.

அடுத்தது பிரெடிக்ட் லீனியர் என்ற ஃபங்ஷன். கடந்த ஆறு மணி நேரத்தில் டிஸ்க்கில் காலி இடம் குறைந்த வேகத்தைப் பார்த்து, இதே போக்கில் போனால் நாம் சொல்லும் நேரத்துக்குள் டிஸ்க் நிரம்பிவிடுமா என்று கணக்குப் போடும். 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்று சொல்லும் அலர்ட்டைவிட இது பல மடங்கு உபயோகம். 92 சதவீதத்தில் மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும் டிஸ்க் உண்டு. 40 சதவீதத்தில் இருந்து ஒரே ராத்திரியில் நிரம்பும் டிஸ்க்கும் உண்டு. ஒரு டிஸ்க்கில் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற கணக்கான ஐநோடுக்கும் இதே விதியைப் போட்டிருக்கிறோம். பிஎச்பி செஷன் ஃபைல்களும் சின்னச் சின்ன மெயில்களும் கோடிக்கணக்கில் சேர்ந்து, இடம் பாதி காலியாக இருக்கும்போதே புது ஃபைல் எழுத முடியாமல் நிற்பது ஷேர்டு சர்வரில் சாதாரணம்.

எஸ்எஸ்எல், அதாவது சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கான சர்ட்டிஃபிகேட், பற்றியும் சொல்ல வேண்டும். பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் வெளியிலிருந்து சைட்டைத் தொட்டுப் பார்க்கும்போதே சர்ட்டிஃபிகேட் காலாவதியாகும் தேதியையும் எடுத்துக்கொண்டு வரும். இலவசமாக சர்ட்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை 2025 ஜூனோடு நிறுத்திவிட்டது. பொது சர்ட்டிஃபிகேட்டுகளின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029இல் 47 நாளுக்குக் கொண்டுவரப் போவதாக, சர்ட்டிஃபிகேட் விதிகளை வகுக்கும் சிஏ பிரவுசர் ஃபோரம் முடிவெடுத்திருக்கிறது. ஆக, இந்தக் கண்காணிப்பு இல்லாமல் இனி ஹோஸ்டிங் நடத்த முடியாது. எந்த மென்பொருளை எடுத்தாலும் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சின்னக் குறைகளை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். டேட்டாவை 15 நாள்தான் வைத்திருக்கும், நாம் மாற்றினால் ஒழிய. பேண்ட்வித் கணக்கு வைத்துப் பில் போட இதை நம்பக்கூடாது. நூறு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் இது அதற்கான கருவி இல்லை என்று அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நோட் எக்ஸ்போர்ட்டரின் 9100 போர்ட் இயல்பில் பாஸ்வேர்டு கேட்காது, ஃபயர்வாலில் அடைத்தே ஆக வேண்டும். இவை எல்லாம் ஏற்றுக்கொள்ளக்கூடியவை.

இப்போது கோபம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சர்வரின் பேக்கப் டிஸ்க் நிரம்பிக்கொண்டு வந்தது. அலர்ட் டெலிகிராமில் வந்து நின்றது, பழைய பேக்கப்புகளை அழிக்க வேண்டும் என்று வேலை குறித்துவைத்தோம். அன்று மாலை டேட்டா சென்டரில் அந்த சர்வரின் மெமரி ஒன்றை மாற்றி ரீபூட் செய்தார்கள். சர்வர் டவுன் என்று வந்தது, கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது என்றும் வந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு செய்தி, பச்சை டிக்கோடு: பேக்கப் டிஸ்க் அலர்ட், ரிசால்வ்ட்.

இரவு ஷிஃப்டில் இருந்த தம்பி என்ன நினைப்பார்? யாரோ பழைய பேக்கப்பை அழித்துவிட்டார்கள், வேலை முடிந்தது. டிக்கெட்டை மூடிவிட்டார். அவரை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ரிசால்வ்ட் என்று எழுதியிருந்தால் தீர்ந்துவிட்டது என்றுதான் எவரும் படிப்பார்கள்.

நடந்தது வேறு. ரீபூட்டுக்குப் பிறகு பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகவே இல்லை, அதாவது சர்வரோடு இணையவே இல்லை. எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நோஃபெயில் (கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை) என்று போட்டிருப்பதால் சர்வர் அதற்காகக் காத்திருக்காமல் எழுந்துவிட்டது. அது சரிதான், ஒரு பேக்கப் டிஸ்க்குக்காக நூற்றுக்கணக்கான சைட்டுகள் படுத்திருக்கக்கூடாது. டிஸ்க் இல்லாததால் நோட் எக்ஸ்போர்ட்டர் அதைப் பற்றி எந்த எண்ணையும் தரவில்லை. எண் வரவில்லை, எனவே விதிக்குப் பதில் வரவில்லை. பதில் வரவில்லை, எனவே அலர்ட் இல்லை. அலர்ட் இல்லை, எனவே ‘ரிசால்வ்ட்’. டிஸ்க்கே காணாமல் போனதை, டிஸ்க் பிரச்சினை சரியாகிவிட்டது என்று அறிவித்த மென்பொருளை நான் வேறு எந்த வார்த்தையால் திட்டுவது?

நள்ளிரவில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடியது. அந்த ஃபோல்டர் பெயர் மட்டும் அப்படியே இருந்ததால், எல்லா பேக்கப்பையும் சர்வரின் சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷனிலேயே எழுத ஆரம்பித்தது. ரூட் நிரம்பினால் மைஎஸ்கியூஎல் நிற்கும், மெயில் நிற்கும், எல்லா சைட்டும் நிற்கும். நிற்கவில்லை. ஏனென்றால் ரூட் இன்னும் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்று பிரெடிக்ட் லீனியர் அலர்ட் கத்தியது. ஆக எங்களைக் குழியில் தள்ளப் பார்த்ததும் புரோமிதியஸ், கையைப் பிடித்து இழுத்ததும் புரோமிதியஸ். இதை மறைத்தால் நியாயமாக இருக்காது.

இது பக் இல்லை என்பதுதான் எரிச்சலின் உச்சம். வடிவமைப்பே அப்படி. புரோமிதியஸில் அலர்ட் என்பது ஒரு கேள்வி. அதற்குத் திரும்பி வரும் ஒவ்வொரு வரியும் ஒரு அலர்ட். வரி வராவிட்டால் எல்லாம் நலம். என்னென்ன இருக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லி வைப்பதில்லை, இருப்பதைப் பார்த்துக்கொள்ளும். நான் மேலே புகழ்ந்தேனே, ஒரே விதி எல்லா சர்வருக்கும் தானாகப் பொருந்துகிறது என்று, அந்தச் சௌகரியமும் இந்தப் பொய்யும் ஒரே வேரிலிருந்து வருபவை. கன்டெய்னர்கள் என்ற தற்காலிகப் பெட்டிகளில் செயலிகள் வந்து போகும் உலகத்தில் ஒன்று காணாமல் போவது செய்தியே இல்லை. ஹோஸ்டிங்கில் டிஸ்க் காணாமல் போவதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

முழு சர்வரும் விழுந்தால் ‘அப்’ என்ற மெட்ரிக் பூஜ்யமாகும், அலர்ட் வரும், அதில் குறையில்லை. ஆனால் அங்கேயும் இந்தக் குழப்பம் உண்டு. டிஸ்க் நிரம்பித் தொங்கிப்போன சர்வரில், டிஸ்க் ரிசால்வ்ட் என்ற பச்சை செய்தியும் சர்வர் டவுன் என்ற சிவப்புச் செய்தியும் அடுத்தடுத்து வரும். படிக்கிறவர் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கைத் தோண்டப் போவார்.

மருந்துகள் இருக்கின்றன. 2023இல் வந்த 2.42 பதிப்பில் ‘கீப் ஃபயரிங் ஃபார்’ என்ற அமைப்பைச் சேர்த்தார்கள். எண் வருவது நின்ற பிறகும் நாம் சொல்லும் நேரம் வரை அலர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரம் முடிந்ததும் அதே பச்சை டிக்தான். ‘அப்சென்ட்’ ஃபங்ஷன் இருக்கிறது. எது இல்லை என்று கேட்கிறோமோ அதைப் பெயர் சொல்லித்தான் கேட்க முடியும். ஒவ்வொரு சர்வருக்கும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எழுதினால் பழைய நாகியோஸ் வேலைதான். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டரே. எஃப்எஸ்டேப்பைப் படித்து, இங்கே இந்தந்த மவுன்ட் இருக்க வேண்டும் என்று ஒரு மெட்ரிக்காக எழுதும் கிரான் ஒன்று. இருக்க வேண்டியவற்றில் இல்லாதவற்றை ‘அன்லெஸ்’ போட்டுப் பிடிக்கும் விதி ஒன்று. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதை ஏன் நான் எழுத வேண்டும்?

1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்த நாகியோஸின் பிளகின்கள் நான்கு பதில் சொல்லும். சரி, எச்சரிக்கை, ஆபத்து, தெரியவில்லை. அந்த நான்காவது பதிலை நான் எவ்வளவு தேடுகிறேன் தெரியுமா? ஸாபிக்ஸ் என்ற இன்னொரு மானிட்டரிங் மென்பொருளிலும் புது மதிப்பு வராவிட்டால், திறந்திருக்கும் பிரச்சினை பொதுவாகத் திறந்தபடியே நிற்கும். மதிப்பே வரவில்லை என்பதை வைத்து அலர்ட் எழுதத் தனி ஃபங்ஷனும் உண்டு.

இன்னும் ஒன்று. புரோமிதியஸ்காரர்களுக்கு மௌனத்தின் அபாயம் தெரியாது என்று சொல்ல முடியாது. வாட்ச்டாக் என்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் அலர்ட் ஒன்றை வைத்து, அது நின்றால் வெளியில் இருக்கும் ஒரு சேவை நம்மை எழுப்பும்படி செய்வது அந்த உலகத்தில் நெடுநாள் வழக்கம். நாங்களும் வைத்திருக்கிறோம். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் ஹோஸ்டிங் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் கட்டடம் எரிந்து அழிந்ததற்குப் பிறகு, சர்வர் இருக்கும் கட்டடத்திலேயே மானிட்டரையும் வைக்க எவருக்கும் மனம் வராது. மானிட்டர் மௌனமானால் ஆபத்து என்று புரிந்தவர்களுக்கு, ஒரு டிஸ்க் மௌனமானாலும் அதே ஆபத்துதான் என்பது ஏன் உறைக்கவில்லை? இத்தனை அழகாகச் சிந்தித்த மென்பொருளில் இந்த ஒரு ஓட்டை இருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, தீர்ப்பு. வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இடம் வாங்கி விற்கும் ரீசெல்லர் கணக்கை விட்டுவிட்டுச் சொந்தமாக சர்வர் எடுக்கும் சேலத்து நண்பர் ஒருவர், “அண்ணே, நானும் புரோமிதியஸே போட்டுடவா?” என்று கேட்டதால்தான் இதை எழுதினேன். இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில்: வேண்டாம் தம்பி. இரண்டு மூன்று சர்வரோடு தொடங்குகிறீர்கள், தனியாளாகப் பார்க்கப் போகிறீர்கள். ஸாபிக்ஸ் போடுங்கள். அதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும், அதுவும் வளர்ந்துகொண்டே போகும், கவனித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து சைட்டையும் சர்ட்டிஃபிகேட்டையும் பார்க்க, வேறொரு இடத்தில் சின்ன வி.பி.எஸ்.ஸில் அப்டைம் குமா என்ற சின்ன கண்காணிப்புக் கருவி. இது போதும்.

நாங்கள் மாறப் போவதில்லை. அந்த க்யூ எண்ணையும் பிரெடிக்ட் லீனியரையும் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை, ஓட்டையை அடைக்கும் விதிகளும் இப்போது கையில் இருக்கின்றன.

எதை எடுத்தாலும் கிளையன்ட் சர்வரில் ஏற்றுவதற்கு முன் ஒரு டெஸ்ட் சர்வரில் இதைச் செய்து பாருங்கள். ஒரு தனி டிஸ்க்கை மாட்டி, பெரிய ஃபைல்களைப் போட்டு நிரப்புங்கள். அலர்ட் வரட்டும். வந்ததும் ஒரு ஃபைலைக்கூட அழிக்காமல் அந்த டிஸ்க்கை அன்மவுன்ட் செய்யுங்கள். அரை மணி நேரம் காத்திருந்து, போனில் என்ன வருகிறது என்று பாருங்கள். பச்சை டிக் வந்தால், முதல் கிளையன்ட்டை ஏற்றுவதற்கு முன் அந்த மவுன்ட் விதியை எழுதிவிடுங்கள்.