ஹெல்சிங்கியின் சூடு: நிலக்கரியா, கழிவுநீரா?

ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர், தெருவுக்கடியில் ஓடும் குழாய்களில் வருகிறது. அதைக் காய்ச்சும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, கடலோரத்து ஹனசாரி நிலையம். 1974 முதல் 2023 வரை நிலக்கரி எரித்தது. மின்சாரம் மட்டும் எடுக்கும் அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். இங்கே டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியே ஊருக்கான நீரைச் சூடாக்கியது. மின்சாரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் கிடைத்தது. இந்தச் சிக்கனத்தை மனதார மதிக்கிறேன். ஆனாலும் கரி கரிதானே, கார்பன் டை ஆக்சைடு போய்க்கொண்டேதான் இருந்தது.

இரண்டாவது, கத்ரி வாலா பூங்காவுக்கு அடியில், பாறைக்குள் 2006இல் தொடங்கிய வெப்பப் பம்பு நிலையம். சுத்திகரித்த கழிவுநீரில் மிச்சமிருக்கும் இளஞ்சூட்டை எடுத்துக் கூட்டித் தருகிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்குமே, அதே தத்துவம். கோடையில் கட்டடங்களைக் குளிர்விக்கவும் உதவுகிறது.

ஒரு குறை உண்டு. ஹனசாரி மின்சாரம் தந்தது, இது மின்சாரம் கேட்கிறது. கடுங்குளிரில், காற்றாலைகள் ஓயும் நாளில் அது பெரிய வித்தியாசம். ஆனால் ஃபின்லாந்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு, காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து வருவதால் என் ஓட்டு பம்புக்கே. 2025 ஏப்ரலில் சல்மிசாரி நிலையமும் மூடப்பட்டு, ஹெல்சிங்கியின் நிலக்கரிக் காலம் முடிந்தது.