300 டாலர் பிஸ்டல்: எதை நம்பலாம், எதற்கு ஸ்பேர் கிடைக்கும்?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் 300 டாலரை ஒட்டி ஒரு பிஸ்டல் கேட்டால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் வந்து நிற்பீர்கள்: ஹை-பாயிண்ட் சி9, டாரஸ் ஜி3சி, பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரியின் டேகர், போலீஸ் துறை கழித்துவிட்ட பழைய க்ளாக் 22. வாங்கும் அன்று நான்குமே சுடும். ஐந்து வருடம் கழித்து ஒரு சின்ன ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஹை-பாயிண்ட் 200 டாலருக்குள் முடிந்துவிடும். கையில் எடுத்ததும் கனம் தெரியும். மற்ற மூன்றிலும் சுடும்போது குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய், குழல் சாய்ந்த பிறகுதான் பிரியும். சி9-இல் பூட்டே கிடையாது. துத்தநாகக் கலவையில் வார்த்த ஸ்லைடின் எடைதான் அந்த வேலையைப் பார்க்கிறது. பாகங்கள் குறைவு, அதனால் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. தோட்டா சிக்கினால் முதலில் மேகசினைச் சந்தேகப்படுங்கள். 8 தோட்டா பிடிக்கும் அந்தப் பெட்டியின் உதடு லேசாக வளைந்தாலே தகராறுதான். சுத்தம் செய்யக் கழற்றுவது எரிச்சல்: நெம்புகோல் இல்லை, பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். சுடும் ஊசியே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் வேலையையும் செய்வதால், அது போனால் இரண்டு வேலையும் நின்றுபோகும். வெளிக்கடையில் ஸ்பேர் தேடுவது வீண். ஓஹாயோ மாநிலம் மேன்ஸ்ஃபீல்டில் இருக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பினால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள், நீங்கள் எத்தனையாவது கை என்று பார்ப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது திரும்பி வரும்வரை வீட்டில் வேறு துப்பாக்கி இருக்கிறதா?

டாரஸுக்கு ஒரு பழைய கறை உண்டு. கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற புகாரில் 9 மாடல்களை உள்ளடக்கிய வழக்கு 2015-இல் சமரசத்தில் முடிந்தது. ஜி3சி அந்தப் பட்டியலில் இல்லை. அது 2020-இல் வந்த மாடல். சிறியது, 12 தோட்டா, மறைத்து வைத்துக்கொள்ள வசதி. தோட்டா வெடிக்காவிட்டால் ஸ்லைடை இழுக்காமலே விசையை மறுபடி அழுத்தி இன்னொரு முறை முயலலாம், விலைக்கு இது நல்ல அம்சம். மேகசின் சுலபமாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிப் பாகங்கள்தான் சிக்கல், பெரும்பாலும் கம்பெனியையே நம்பி இருக்க வேண்டும்.

டேகரின் கதை வேறு. க்ளாக் 19-இன் மூன்றாம் தலைமுறை வடிவத்தைத் தழுவியது அது. அந்த வடிவத்தின் காப்புரிமைகள் காலாவதியானதும் ஆளாளுக்குக் குழல், ஸ்லைடு, வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங் என்று போட ஆரம்பித்தார்கள். ரூகர் மாதிரி பெரிய கம்பெனியே 2024 கடைசியில் ஆர்எக்ஸ்எம் என்று அதே அச்சில் ஒன்றை இறக்கியது. ஆகவே டேகர் வாங்குபவர் ஒரு கம்பெனியை மட்டும் நம்பி இருப்பதில்லை. க்ளாக் மேகசின் எந்தக் கடையிலும் தொங்கும். மேக்புல் என்ற கம்பெனியின் பிளாஸ்டிக் மேகசின் இன்னும் மலிவு. குறை என்னவென்றால், க்ளாக் அளவுக்குப் பல வருடம் போலீஸ் இடுப்பில் இருந்து தேறிய சரக்கு இல்லை இது. நாலு கம்பெனிப் பாகங்களைக் கலந்து மாட்டினால் பொருத்தம் தப்பும் வாய்ப்பும் உண்டு.

க்ளாக் 22-க்கு வருவோம். இது சுடுவது பாயின்ட் 40 (0.40 அங்குல) தோட்டா. அதை நம்பியிருந்த எஃப்பிஐ 2010-களின் நடுவில் 9 எம்எம்முக்குத் திரும்ப, மற்ற துறைகளும் பின்னாலேயே போயின. கழித்துவிட்ட பிஸ்டல்கள் சந்தையில் குவிந்தன, விலை சரிந்தது. ஸ்லைடின் மூலைகளில் உறை உரசிய வெள்ளைத் தேய்மானத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எத்தனை வருடம் இடுப்பில் இருந்தது என்பதைத்தான் காட்டும், எத்தனை முறை சுட்டது என்பதை அல்ல. கழற்றி, குழலின் உட்புறத்தையும் ஸ்லைடின் அடித்தடங்களையும் பாருங்கள். இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் குறிமுனை இருந்தால் அதை விலையில் சேர்க்காதீர்கள். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 வருடம், பழையதில் மங்கியிருக்கும். ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. தோட்டாதான் 9 எம்எம்மைவிட விலை கூட, உதையும் கூட. பிடிக்கவில்லையென்றால் 9 எம்எம் மாற்றுக் குழலும் மேகசினும் தனியாகக் கிடைக்கின்றன. மற்ற மூன்றில் எதிலும் இவ்வளவு பின்வாசல் இல்லை.

என் ஓட்டு க்ளாக் 22-க்கு. நிறைய சுட்டுப் பழகப் போகிறவர் என்றால், தோட்டாச் செலவை உத்தேசித்து 9 எம்எம் சுடும் டேகர். கழற்றி மாட்டும் ஆசையே இல்லாமல் சின்னதாக ஒன்று வேண்டும் என்பவருக்கு டாரஸ் போதும். ஹை-பாயிண்ட், கையில் உண்மையிலேயே 200-க்கு மேல் இல்லாதவருக்கு.

எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் 200 தோட்டாவுக்கும் இரண்டு கூடுதல் மேகசினுக்கும் இடம் விடுங்கள். மேகசின்களில் எண் எழுதிவைத்துச் சுடுங்கள். சிக்கல் ஒரே எண்ணில் வந்தால் மேகசினைத் தூக்கிப் போடலாம். எல்லாவற்றிலும் வந்தால் பிஸ்டலைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.