காவல் கொட்டிலில் ஏழு காலபோகம்: ‘அப்பல்லோ’ கேட்ட கதை

காவலுக்குப் போகும் இரவில் காதுதான் கண். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்கள் வயல். அதைத் தாண்டினால் காடு. கதிர் பால்பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வெட்டி முடியும்வரை யாராவது ஒருவர் கொட்டிலில் கிடக்க வேண்டும். யானை வருகிறது என்பதைச் சொல்லும் சத்தங்கள் சின்னவை. ஒரு கொப்பு முறியும். ஆட்காட்டி கத்தும். சிலவேளை அதுவும் இல்லை, இவ்வளவு நேரமும் கத்திய தவளைகள் ஒரு பக்கத்தில் மட்டும் வாயை மூடும். கொட்டிலில் போடும் எந்தப் பாட்டுக்கும் நான் வைக்கும் சோதனை, அது இந்தச் சத்தங்களுக்கு இடம் விடுகிறதா என்பதுதான். சினிமாப் பாட்டு விடாது. நாதஸ்வரம் துப்பரவாக விடாது. ஏழு காலபோகமாக, அதாவது ஏழு மாரிகால நெற்போகமாக, இடம் விட்டுக்கொண்டிருப்பது 1983 இல் வந்த ஓர் இசைத்தொகுப்பு: பிரித்தானிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, அவருடைய தம்பி ரொஜர் ஈனோ, டானியல் லானுவா மூவரும் செய்த ‘அப்பல்லோ: அட்மொஸ்பியர்ஸ் அன்ட் சவுண்ட்ராக்ஸ்’.

சந்திரனுக்குப் போன அப்பல்லோப் பயணங்களில் நாசா எடுத்த படச்சுருள்களை வைத்து அல் ரைனேர்ட் என்பவர் ஓர் ஆவணப்படம் செய்துகொண்டிருந்தார். அதற்காகப் போட்ட இசை இது. படம் பலமுறை வெட்டி ஒட்டப்பட்டு ‘ஃபோர் ஓல் மேன்கைன்ட்’ என்ற பெயரில் 1989 இல்தான் வெளிவந்தது. இசை ஆறு வருடம் முந்திவிட்டது. பதிவுசெய்த இடம் கனடா, ஒன்ராறியோவில் ஹமில்ரன் நகரத்தில் லானுவா சகோதரர்களின் ஸ்டூடியோ. ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனுக்கு அது ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். அவனுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நான் முல்லைத்தீவிலிருந்து போன் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

பன்னிரண்டு துண்டுகள், ஏறத்தாழ 48 நிமிடம். பாட்டு என்று சொல்ல வராது, குரலே இல்லை. 2018 மார்கழியில் முதல்முறை வீட்டு விறாந்தையில் போட்டபோது பெரியப்பா பத்து நிமிடம் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, உது எப்ப தொடங்கும்?”

தொடங்காது என்பதுதான் இதன் முறை. 1975 இல் ஈனோ விபத்தில் அடிபட்டு எழும்பமுடியாமல் கிடந்தபோது, பார்க்க வந்த தோழி ஒருத்தி பழைய யாழிசைத் தட்டொன்றைப் போட்டுவிட்டுப் போனாராம். சத்தம் மிகக் குறைவு, ஸ்பீக்கர் ஒன்று வேலைசெய்யவில்லை, எழும்பிக் கூட்டவும் வழியில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்குள்ளே இசை அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப்பார்க்க, அவர் அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்தார். அந்தக் கட்டிலிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ‘அம்பியன்ட்’ யோசனை. இசையும் அறைக்குள் இருக்கும் இன்னொரு வெளிச்சம்போலக் கிடந்துவிட்டுப் போகட்டும் என்பது. இதை வாசித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. கொட்டில் கிடுகில் மழை விழும்போது எந்த ரேடியோவும் எங்களுக்கு அப்படித்தான் கேட்டது.

ஆகவே என் முதல் சிபாரிசு: ஹெட்செட் வேண்டாம். நான் முதல் வருடம் அந்தப் பிழையைச் செய்தேன். காதுக்குள் அடைத்துக்கொண்டு கேட்டால் அருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்து வயல்காரர் ரோச் அடித்துக் கூப்பிட்டதுகூடத் தெரியவில்லை. இப்போது தேங்காய்ப் பாதி அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, சத்தம் மூன்றாம் கோட்டில். அடிச்சத்தம் அதில் வராது. வராதது நல்லது, அந்த இடத்தில்தான் கொப்பு முறிகிற சத்தம் வந்து உட்காரும்.

இலவசச் செயலியில் கேட்பதாக இருந்தால் இரவில் கேட்காதீர்கள். இரண்டு துண்டுக்கு ஒருமுறை விளம்பரம், அதுவும் இசையைவிட நாலு மடங்கு சத்தத்தில். ஒருநாள் சாமம் ஒரு மணிக்கு ஓர் அக்கா பிஸ்கட் சாப்பிடச் சொல்லிக் கத்தினார். யானைவெடியைவிட அதுதான் எடுபட்டிருக்கும். அதற்குப் பிறகு காசு கொடுத்து வாங்கி மெமரி காட்டில் போட்டுவிட்டேன். எங்கள் பக்கம் சிக்னல் இருக்கும் திசையை நம்பியும் ஒன்றும் செய்யமுடியாது.

இனித் துண்டுகள். முதல் நாலும் இருட்டு: ‘அண்டர் ஸ்டார்ஸ்’, ‘த சீக்ரெட் பிளேஸ்’, ‘மட்டா’, ‘சிக்னல்ஸ்’. இழுத்துப் பிடித்த அடிச்சுருதி, அதற்கு மேல் எங்கோ தூரத்தில் அசைகிற ஏதோ ஒன்று. இந்த நாலையும் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது.

அதே முதல் வருடம். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றில், அடிச்சத்தம் நன்றாக வரக்கூடியது, போட்டுவிட்டு முற்றத்தில் இருந்தேன். அம்மா குசினியில் நின்றார். ‘மட்டா’ தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குசினி லைற் அணைந்தது. பிறகு விறாந்தை லைற். பிறகு சாமியறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். சாமி விளக்குக்கு ஏது கரண்ட். உள்ளே போனால் அம்மா விளக்கை நூர்த்த கையோடு சுவரில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். “உந்தச் சத்தம் எங்க இருந்து வருது?” என்றார், மெதுவாக. நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

அந்தச் சத்தத்தை வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆளில்லா வேவு விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் வண்டு. அது தலைக்கு மேல் சுற்றத் தொடங்கினால் விளக்கை நூர்ப்பது யாரும் சொல்லிக்கொடுத்துப் பழகியதல்ல. போர் முடிந்து பத்து வருடம் கழித்தும் கை தானாகப் போகிறது. இழுத்துப் பிடிக்கும் சுருதிக்கு ஆங்கிலத்தில் ‘ட்ரோன்’ என்றுதான் பெயர் என்று பிறகுதான் அறிந்தேன். ஆண் தேனீக்கும் அதே சொல், அந்த விமானத்துக்கும் அதே சொல். அகராதி பார்க்காமலே நாங்கள் வண்டு என்று வைத்திருக்கிறோம்.

‘மட்டா’வை அன்றைக்கு மெமரி காட்டிலிருந்து அழித்தேன். இன்றுவரை திரும்பப் போடவில்லை. இசையில் பிழை இல்லை. மற்ற மூன்றும் சின்ன ஸ்பீக்கரில் சிக்கலில்லாமல் ஓடுகின்றன.

ஐந்தாவது, ‘ஆன் எண்டிங்’. நாலு நிமிடச் சொச்சம். இந்தத் தொகுப்பைக் கேள்விப்படாதவர்களும் இதை எங்காவது ஒரு படத்திலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பார்கள். மேலே ஏறிக்கொண்டே இருக்கும், ஏறிமுடிந்த இடம் என்று ஒன்று வராது. அடிக்கடி கேட்டால் கொஞ்சம் தித்திப்புக் கூடியதுபோலத் தெரியும், பனங்கட்டியோடு மூன்றாவது தேத்தண்ணிபோல. நான் மாதம் ஒருமுறை, நிலவு எழும் நேரத்துக்கு வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி. விண்வெளி இசை என்று நினைத்துக்கொண்டு போனால் ‘சில்வர் மோர்னிங்’கிலிருந்து அமெரிக்க நாட்டுப்புறக் கிற்றார் வருகிறது. முதலில் யாரோ கோப்பை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். காரணம் இருக்கிறது: சந்திரனுக்குப் போனவர்களில் பலர் கூடக் கொண்டுபோன கசெட்டுகள் ‘கன்ட்ரி’ பாட்டுக் கசெட்டுகள். அதை அறிந்த ஈனோ, அந்தப் பாட்டிலிருந்து பாரத்தை எடுத்துவிட்டு மிதக்கவிட்டார். 1969 இல் தொலைக்காட்சி சந்திரப் பயணத்தைப் பரபரப்பாக வெட்டி வெட்டிக் காட்டியதில் அதன் பிரமாண்டமும் விநோதமும் மறைந்துபோயின என்பது அவருடைய குறை.

மிதக்கவிடுவது லானுவாவின் பெடல் ஸ்டீல் கிற்றார். படுக்கவைத்து வாசிப்பது. ஓர் உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி, காலாலும் முழங்காலாலும் சுருதியைக் கூட்டிக் குறைப்பார்கள். ‘டீப் புளூ டே’யில் அது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வழியெல்லாம் குழைந்துகொண்டு போகும். எனக்கு இந்தக் குழைவு சின்னனிலேயே பழக்கம். கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவில் வயர் கொழுவி, ரேப் றெக்கோடரில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். பெடல் சுற்றுவது என் வேலை. கை களைத்தால் பாடகரின் குரல் அப்படியே கீழே சரியும், அண்ணன் தலையில் குட்டுவார், குரல் திரும்ப ஏறும். ‘வெயிட்லெஸ்’ கேட்கும்போதெல்லாம் யாருக்கோ பெடல் சுற்றிக் கை நோகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

2019 இல், சந்திரனில் கால்வைத்த ஐம்பதாவது ஆண்டுக்கு, பழையதைத் துலக்கி, கூடவே 11 புதிய துண்டுகளும் சேர்த்து வெளியிட்டார்கள். நான் வாங்கியது அதுதான். துலக்கியது நல்ல வேலை. புதியவை மோசமில்லை, அதே மூவரும்தான். ஆனால் ஏழு வருடத்தில் நான் தேடிப்போய்ப் போட்ட புதியது ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் கூடுதலாகவே துப்பரவு.

கடைசியாகக் குறை. இது நித்திரை கொள்ளப் பண்ணும். வீட்டில் கட்டிலில் கிடப்பவருக்கு அது நன்மை, காவல்காரனுக்கு இல்லை. முதல் வருடம் “எப்ப தொடங்கும்” என்று கேட்ட பெரியப்பா இப்போது கொட்டிலுக்கு வந்தால் “அந்த இழுவையப் போடு” என்பார். ‘டீப் புளூ டே’ முடிவதற்குள் குறட்டை. நான் தாக்குப்பிடிப்பேன். ஆனால் கடைசித் துண்டான ‘ஸ்டார்ஸ்’ எட்டு நிமிடத்துக்குக் கிட்ட, ஒன்றுமே நடக்காது, மினுக்கம் மட்டும். போன தை மாதம் ஒரு விடியப்புறம் அதோடு நானும் போய்விட்டேன். யானை வரவில்லை. பன்றி வந்தது, கூட்டமாக. விடிந்து பார்த்தால் கிழக்கு வரம்பை அரைவாசி உழுதுவிட்டு, கால் ஏக்கர் நெல்லை மிதித்துப் போட்டிருந்தன. ஸ்பீக்கர் பற்றறி முடிந்து கிடந்தது. பெரியப்பா வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை.

இந்தப் போகம் ‘ஓல்வேஸ் ரிட்டர்னிங்’ முடிந்ததும் திரும்ப முதலாவதுக்குப் போகும்படி போனில் வைத்திருக்கிறேன். ‘ஸ்டார்ஸ்’ கேட்க ஆசை வந்தால் வெட்டு முடியட்டும்.