கிளிநொச்சிப் புழுதியில் நாலு வருசம்: நானே பொருத்திய கணினி

2021 கடைசியில் பொருத்திய கணினி இது. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று எடுத்துவருகிற வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் இதன் வேலை. இருப்பது கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிரவல் ஒழுங்கையில். வீட்டுக்குச் சீற் கூரை. பாகங்கள் தெரிவுசெய்யச் சொல்லித்தருகிற யூடியூப்காரர்கள் புரொசெசரில்தான் தொடங்குவார்கள். இங்கே இருப்பவர் சுவரில் உள்ள பிளக்கில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

டிரான்ஸ்போமருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் உள்ள வீடு எங்களுடையது. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஊரெல்லாம் லைட்டும் ரீவியும் தண்ணி மோட்டரும் போட்டால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190க்குக் கீழே இறங்கிவிடும். கணினிப் பெட்டிக்குள் இருக்கிற மலிவான பவர் சப்ளைகள் பலவற்றின் ஸ்டிக்கரில் 200 முதல் 240 வோல்ட் என்றுதான் இருக்கும். அதற்குக் கீழே போனால் கணினி திடீரென்று அணைந்து எழும்பும், பழி விண்டோஸின் தலையில் விழும். ஸ்டிக்கரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். நான் எடுத்தது அப்படியான ஒரு 550 வாட், 80 பிளஸ் பிரொன்ஸ். இந்த 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். குறைந்த வோல்ட்டேஜைத் தாங்குமா என்று அதில் தெரியாது. கடைகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அடுத்தது யூபிஎஸ். பெட்டியில் 650 வீஏ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், வாட் கணக்கில் பலவற்றில் அது 360தான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரம் இழுக்கும் விதத்தைச் சீராக்குகிற சுற்று) உள்ள நல்ல பவர் சப்ளைகளும், பற்றரியில் ஓடும்போது சைன் அலைக்குப் பதில் படிப்படியான அலை தரும் மலிவு யூபிஎஸ்களும் சிலவேளை ஒத்துப்போகாது. கரண்ட் போகும், யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டு ஓடும், கணினி மட்டும் அணைந்துவிடும். அதனால் பவர் சப்ளையை முதலில் வாங்கி, யூபிஎஸ் வாங்கும்போது கணினியைக் கடைக்கே கொண்டுபோய்க் கொளுவி, ஒரு வீடியோவை ரெண்டருக்கு, அதாவது வெட்டி ஒட்டியதை முடிந்த கோப்பாக்குகிற வேலைக்குப் போட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் யூபிஎஸ் பற்றரி செத்தது. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரி. அது முழுதாக ஏறுமுன்னரே அடுத்த வெட்டு வந்துவிடும். இந்தச் சூடும் அதற்கு ஆகாது. நல்ல காலம், பற்றரியை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கின் மேல் பழிபோட்டு நாடே இருண்டபோது, புதுப் பற்றரி வேலையைச் சேமித்து ஒழுங்காக மூட நேரம் தந்தது. யூபிஎஸ்ஸிடம் அதற்குமேல் கேட்கக்கூடாது. இடி மின்னல் நேரத்தில் அதையும் நம்பவேண்டாம், பிளக்கையும் ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் வயரையும் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

கேசிங்கில் முன்பக்கம் வலை, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடி, இரண்டும் கட்டாயம். முன்னால் இரண்டு ஃபான் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளுகிறது. உள்ளே போகிற காற்று கூடுதலாக இருந்தால், இடுக்குகளால் புழுதி உறிஞ்சப்படாது. சோளகம் அடிக்கிற மாதங்களில் முன் வடி செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். பின்பக்க ஓட்டை மூடிகளைக் கழற்றி எறியாதீர்கள், பல்லிக்கு அது வாசல். கலர் லைட் ஃபான் வாங்கிய நண்பர் ஒருவர் முதல் மாரி மழையோடு அதை நிறுத்திவைத்தார். ஈசல் முழுக்க அங்கேதான்.

சரி, புரொசெசர். ரைசன் 5 5600ஜி, 6 கோர், 65 வாட். அந்த நேரம் கிரிப்டோ தோண்டுகிறவர்களால் கிராபிக்ஸ் காட் விலை கிட்ட நெருங்க முடியாமல் இருந்தது, அதனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற இதை எடுத்தேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறுமுன் வாங்கியது அதிர்ஷ்டம். கூடவே வந்த சிறு கூலரோடு, சித்திரை வெயிலில் ரெண்டர் ஓடும்போது சூடு 80 பாகையைத் தாண்டும். அதன் எல்லை 95 என்பதால் விட்டுவிட்டேன்.

ராமில் மட்டும் கவனம் வேண்டும். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்குபோடும். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டால் டிடிஆர்4 3200இல் வினாடிக்கு 25.6 ஜிபிதான் போய்வரும். 8 ஜிபி இரண்டு போட்டால் 51.2. எஸ்எஸ்டியில் மாறாகச் சிக்கனம் பிடிக்கலாம். எஸ்எஸ்டி கொளுவுகிற பிசிஐஇ பாதையில் 5600ஜி மூன்றாம் தலைமுறை வரைதான் போகும், நாலாம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கூட்டிக் கொடுக்கிற காசு அதில் தெரியாது. மிஞ்சிய காசில் வாடிக்கையாளர் வீடியோக்களைப் போட்டுவைக்க ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் எடுத்தேன்.

இந்தக் கணினி திணறுவது ஓரிடத்தில். புதிய கமராக்கள் பல, நிற விபரம் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்கிய 10 பிட் 4:2:2 எச்265 கோப்பாகப் பதிகின்றன. அதை விரிக்கிற வசதி 5600ஜியின் கிராபிக்ஸில் இல்லை, எல்லாம் கோர்களின் தலையில் விழ, டைம்லைன் தத்தித் தத்திப் போகும். இப்போதைக்கு, வெட்டி ஒட்டும்போது அசலுக்குப் பதிலாக வைக்கிற சிறிய பிராக்ஸி கோப்புகள் செய்து சமாளிக்கிறேன். அப்படியான கமராவை வைத்திருப்பவர் இன்று புதிதாகப் பொருத்துவதானால், உள்ளே கிராபிக்ஸ் உள்ள 12ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல்லைப் பார்க்கலாம். பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அதை விடுங்கள். நான் இப்போதுள்ள மதர்போட்டையும் ராமையும் வைத்துக்கொண்டு ரைசன் 7 5700எக்ஸ்ஸுக்கு மாறலாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனி கிராபிக்ஸ் காட் வேண்டும், அதன் விலையைச் சேர்த்தால் இன்டெல் போட் மாற்றுகிற செலவுக்குக் கிட்ட வந்து நிற்கிறது.