பர்லிங்டன் பேஸ்பால் கிரவுண்டு ரிவ்யூ: பழைய கரோலினா லீக்க கிட்டக்க பாக்கணும்னா இங்க போங்க

வட கரோலினால டர்ஹம், கேரி பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க பேஸ்பால்னாலே நேரா டர்ஹம் புல்ஸ் மேட்சுக்குத்தான் போவாங்க, நானும் அஞ்சாறு தடவ போயிருக்கேன், நல்லாவே இருக்கும். ஆனா போன ஜூலைல ஒரு சனிக்கிழம சாயங்காலம் பசங்கள கூட்டிக்கிட்டு பர்லிங்டன் போனேன், டர்ஹம்ல இருந்து கிரீன்ஸ்போரோ போற வழில நடுவுல வர்ற ஊரு, அங்க சாக் பப்பெட்ஸ்னு ஒரு டீம் ஆடுது, அந்த கிரவுண்டு பேரு பர்லிங்டன் அத்லெடிக் பார்க். வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாள் அது மனசவிட்டு போகவே இல்ல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல அந்த ஸ்டாண்டு பத்தி சொல்லணும். ஹோம் பிளேட்டுக்கு (பேட் புடிக்கறவரு நிக்குற இடம்) பின்னாடி கூரை போட்ட பழைய ஸ்டாண்டு ஒண்ணு இருக்கு பாருங்க, அது பர்லிங்டன்ல கட்டுனதே கிடையாது. வர்ஜீனியால டான்வில்னு ஒரு ஊரு, இங்கருந்து கார்ல ஒரு மணி நேரம், அங்க லீக் பார்க்னு ஒரு கிரவுண்டு இருந்துச்சு. 1958ல டான்வில் டீம் மூடுனதும் பர்லிங்டன் ஆளுங்க 5,000 டாலர் குடுத்து ஸ்டாண்ட வாங்கி, பிரிச்சு எடுத்துட்டு வந்து இங்க மாட்டிட்டாங்க, 1960ல இருந்து இங்கதான் நிக்குது. பழைய வீட்டு தூணையும் கதவையும் பிரிச்சு கொண்டு வந்து புது வீட்ல வைப்பாங்கல்ல, அந்த மாதிரி. அதுல கை வெச்சு உக்காந்தப்ப எனக்கு என்னமோ பண்ணுச்சு, ஏன்னா அந்த டான்வில் கிரவுண்டுல யார் யார் ஆடிருக்காங்கன்னு படிச்சுட்டுத்தான் போயிருந்தேன்.

கரோலினா லீக்ங்கிறது ஒரு மைனர் லீக், அதாவது பெரிய லீக்குக்கு (மேஜர் லீக்) கீழ இருக்குற லீக். அது ஆரம்பிச்சது 1945ல, உலகப் போர் முடியுற வருஷம். எட்டு ஊரு: பர்லிங்டன், டான்வில், டர்ஹம், கிரீன்ஸ்போரோ, ராலே, வின்ஸ்டன்-சேலம், மார்ட்டின்ஸ்வில், அப்புறம் லீக்ஸ்வில், டிரேப்பர், ஸ்ப்ரேன்னு பக்கத்து பக்கத்துல இருந்த மூணு ஊரும் சேந்து ஒரே டீம், அதனால அதுக்கு டிரிப்லெட்ஸ்னு பேரு (அந்த மூணு ஊரும் 1967ல ஒண்ணா சேந்து ஈடன்னு ஆயிடுச்சு). அதுல பாதிக்கு மேல மில்லு ஊரு, புகையிலை ஊரு. டீம் பேர பாத்தாலே தெரியும், டான்வில் டீம் பேரு லீஃப்ஸ், அதாவது புகையில. பின்னாடி சேந்த ரீட்ஸ்வில் டீம் பேரு லக்கீஸ், அந்த ஊர்லதான் லக்கி ஸ்டிரைக் சிகரெட் ஃபேக்டரி இருந்துச்சு. இப்ப பர்லிங்டன்ல ஆடுற சாக் பப்பெட்ஸ் பேரும் சும்மா வெச்சது இல்ல, இந்த ஊரு காலுறை மில்லுக்கு பேர் போன ஊரு.

1949ல அமெரிக்கா முழுக்க 59 மைனர் லீக் ஓடுச்சு, அதுதான் உச்சம். அதே வருஷம் ரீட்ஸ்வில்லுக்கு ஆடுன லியோ ஷோல்ஸ்ங்கிறவரு, மசில்னு பட்டப்பேரு, ஒரே சீசன்ல 55 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்சாரு. பெரிய லீக்ல அவரு ஒரு நாள் கூட ஆடல, ஆனா கரோலினா லீக்ல அந்த 55தான் ரெக்கார்டு.

எனக்கு முக்கியமா பட்டது இதுக்கப்புறம் நடந்தது. 1951 ஆகஸ்ட் வரைக்கும் இந்த லீக்ல ஒரு கறுப்பின பிளேயர் கூட கிடையாது. கறுப்பின பிளேயருங்களுக்கு பெரிய லீக் கதவ தொறந்த ஜாக்கி ராபின்சன் அங்க இறங்கி நாலு வருஷம் ஆச்சு, ஆனா இந்த தெற்கு ஊர்ங்கள்ல கதவு தொறக்கல. மொதல்ல உள்ள வந்தது பெர்சி மில்லர் ஜூனியர், டான்வில் பையன்தான், சொந்த ஊரு டீமுக்கு இறங்குனாரு. ரொம்ப நாள் ஆடல, ரெக்கார்டு எதுவும் இல்ல, அதனால பேரு நிறைய பேருக்கு தெரியாது, ஆனா அன்னைக்கு ஜனங்க அவர பாத்தது இப்ப நான் உக்காந்திருந்த இதே ஸ்டாண்டுல இருந்துதான்னு நெனச்சப்ப புல்லரிச்சிருச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு 1956ல ரெண்டு கறுப்பின பசங்க இதே லீக்ல ஆடுறாங்க. டான்வில்லுக்கு வில்லி மெக்கோவி, ஹை பாயிண்ட்-தாமஸ்வில் டீமுக்கு கர்ட் ஃப்ளட். ரெண்டு பேருக்கும் 18 வயசு, 1938 ஜனவரில எட்டே நாள் வித்தியாசத்துல பொறந்தவங்க. மெக்கோவி பின்னாடி சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸோட பெரிய ஸ்டார் ஆகி மொத்தம் 521 ஹோம் ரன் அடிச்சாரு. ஃப்ளட் அந்த 1956 சீசன்ல .340 பேட்டிங் ஆவரேஜ் (நூறு வாய்ப்புல 34 ஹிட்) வெச்சு லீக்லயே டாப், ஆனா ஸ்டாண்டுல இருந்து வர்ற வசவு தாங்க முடியாம, டீம் பஸ் நின்னா ஓட்டலுக்குள்ள மத்தவங்க கூட உக்காந்து சாப்பிட முடியாம, ராத்திரி ரூமுக்கு வந்து அழுவேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. எங்கள கேக்காம எங்கள விக்கிறதுக்கு நீங்க யாருன்னு பின்னாடி கோர்ட்டுக்கு போனவரும் இதே ஃப்ளட்தான், 1972ல சுப்ரீம் கோர்ட்ல தோத்தாரு, ஆனா இன்னைக்கு பிளேயருங்க தனக்கு புடிச்ச டீமுக்கு போக முடியுதுன்னா அதுல அவரு பங்கு பெருசு. அந்த துணிச்சலுக்கு வித போட்டது இந்த சின்ன ஊரு கிரவுண்டுங்கதான்னு நான் முழுசா நம்புறேன்.

அதுக்கப்புறம் டிவி வந்துச்சு, வீட்ல ஏசி வந்துச்சு, சாயங்காலம் கிரவுண்டுக்கு வர்ற கூட்டம் கொறஞ்சு போச்சு, 70கள் நடுவுல லீக்ல மிச்சம் இருந்தது நாலே நாலு டீம். பர்லிங்டன்ல 1972ஓட கரோலினா லீக் முடிஞ்சுது, பின்னாடி வேற மைனர் லீக் டீம்தான் அங்க ஆடுச்சு. 1980ல டர்ஹம் புல்ஸ திரும்ப ஆரம்பிச்சதும்தான் லீக்குக்கு மூச்சு வந்துச்சு, புல்ஸ் 1998ல டிரிப்பிள்-ஏ (மைனர் லீக்லயே மேல் படி) போயிட்டாங்க, கரோலினா லீக் இன்னமும் ஓடுது.

எங்க பக்கத்து சீட்ல ஒரு பெரியவரு, எழுபது வயசு இருக்கும், மடில ஒரு பழைய கிளவுஸ், தோலு கறுத்து நூலெல்லாம் மாத்தி மாத்தி கட்டுனது. அவங்கப்பா சாக்ஸ் மில்லுல வேல பாத்தவராம், ஷிஃப்ட் முடிஞ்சு சட்டைல பஞ்சோட நேரா இங்க வந்துடுவாராம், இவரு வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாராம். 1963ல லூயிஸ் டியான்ட் பர்லிங்டனுக்கு பந்து போட்டத பாத்திருக்கேன்னு சொன்னாரு, சொல்லும்போதே கை தானா அந்த கிளவுஸ்க்குள்ள போச்சு. என் சின்னவன் கேட்டான்னு அத கழட்டி அவன் கைல மாட்டி விட்டாரு, மூணு இன்னிங்ஸ் அவன் அத குடுக்கவே இல்ல.

இனி மேட்ச் விஷயம். 2021ல பெரிய லீக் மொத்த அமைப்பையும் மாத்தி, அஃபிலியேட் டீம் (பெரிய லீக் டீமோட சேந்த மைனர் லீக் டீம்) எண்ணிக்கைய 160ல இருந்து 120ஆ கொறச்சப்ப பர்லிங்டனும் அடிபட்டுச்சு. இப்ப அப்பலாச்சியன் லீக்னு காலேஜ் பசங்க ஆடுற சம்மர் லீக்ல இருக்கு. காலேஜ் மேட்ச்ல அலுமினிய பேட்டு, இங்க மரம், அதனால பந்து பட்டா வர்ற அந்த சத்தம் இருக்கே, கூரைக்கு கீழ உக்காந்தா ரெண்டு தடவ கேக்கும், அடிக்கறப்ப ஒண்ணு, கூரைல மோதி வர்றது ஒண்ணு. பிட்ச்சர் மூச்சு விடுறது கூட தெரியுற தூரம். ஜிம் தோம், சிசி சபாத்தியா ரெண்டு பேரும் பெரிய ஆளாகுறதுக்கு முன்னாடி இந்த கிரவுண்டுல ஆடுனவங்கதான், அதனால இன்னைக்கு ஆடுற பையன்ல எவன் நாளைக்கு எங்க போவான்னு யாருக்கு தெரியும், பாக்கறப்ப அந்த ஒரு எண்ணம் கூடவே ஓடிக்கிட்டு இருக்கும்.

சைவக்காரங்களுக்கு ஓடு உரிக்கற வேர்க்கடலை, பாப்கார்ன், அது போதும் மூணு மணி நேரத்துக்கு. டிக்கெட் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், நான் அவசரப்பட்டு வெளி ஆப் ஒண்ணுல எடுத்தேன், நாலு டிக்கெட்டுக்கு சர்வீஸ் சார்ஜே இன்னொரு டிக்கெட் காசு ஆச்சு, ரீஃபண்டு கேட்டு மெயில் போட்டேன் பதில் இல்ல, நீங்க நேரா கேட்லயே எடுத்துக்கோங்க. ஜூலை புழுக்கம் நல்லாவே இருக்கும், வெளில உக்காராதீங்க, ஹோம் பிளேட்டுக்கு பின்னாடி கூரைக்கு கீழ கேளுங்க, அதுதான் டான்வில்ல இருந்து வந்த ஸ்டாண்டு. சீசன் ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் தொடக்கத்துல முடிஞ்சுடும், அதனால லீவுலயே ஒரு நாள் ஒதுக்கிக்கோங்க. நாங்க அடுத்த ஜூன்ல மறுபடி போறோம், சின்னவன் இப்பவே கிளவுஸ் வாங்கி வெச்சுட்டான்.