ஆட்வேர் நீக்கம்: ஆட்வ்கிளீனரோடு ஒன்பது ஆண்டுகள்

2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள் உலாவியைத் திறந்தபோது, நான் அமைத்து வைத்திருந்த வெற்றுப் பக்கத்தின் இடத்தில் அதுவரை கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் இருந்தது. எதைத் தேடினாலும் முதலில் வந்தவை அனைத்தும் விளம்பரங்கள். செய்திப் பக்கங்களில் சாதாரணச் சொற்கள்கூட இரட்டை அடிக்கோடு பெற்று இணைப்புகளாக மாறியிருந்தன. சுட்டி அவற்றின் மேல் பட்டாலே ஒரு விளம்பரச் சட்டகம் விரிந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு கணினி முழுவதையும் சோதித்தேன். குறை எதுவும் இல்லை என்றே அது அறிவித்தது. அன்று தொடங்கி இன்று வரை, என் கணினிகளையும் குடும்பத்தினர், உடன் பணிபுரிவோர் ஆகியோரின் கணினிகளையும் ஆட்வேரிலிருந்து, அதாவது கேட்காமலே விளம்பரங்களைத் திணிக்கும் நிரல்களிலிருந்து, மீட்கும் வேலையில் நான் முதலில் கையில் எடுப்பது ஆட்வ்கிளீனர் என்ற சிறிய கருவியைத்தான். அதன் பயனையும், அது எட்டாத இடங்களில் நான் கையால் செய்ய வேண்டியிருந்தவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஆட்வேர் பெரும்பாலும் பூட்டை உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. நாம் விரும்பிப் பதிவிறக்கும் ஓர் இலவச மென்பொருளின் நிறுவியோடு சேர்ந்து, நாம் படிக்காமல் ஒப்புதல் தந்த ஒரு பெட்டியின் வழியாக நுழைகிறது. நான் பதிவிறக்கியது பிடிஎஃப் கோப்புகளை மாற்றித் தரும் ஒரு சிறு நிரல். அதைத் தயாரித்தவரின் தளத்துக்குப் போகாமல், தேடலில் முதலில் தென்பட்ட ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து எடுத்திருந்தேன். அந்தத் தளம் அசல் நிறுவிக்கு மேல் தன் சொந்த நிறுவியைப் போர்த்தியிருந்தது; 'விரைவு நிறுவல்' என்ற பொத்தானை அழுத்தியதன் மூலம் மூன்று கூடுதல் நிரல்களுக்கு நான் சம்மதம் கொடுத்திருந்தேன். இப்படிப் பயனரின் சம்மதத்தைக் காட்டி நுழையும் நிரல்களை வைரஸ் என்று வகைப்படுத்துவது சிக்கலாக இருந்ததால், 'விரும்பத்தகாததாக இருக்கக்கூடிய நிரல்' என்று ஒரு தனி வகையே உருவானது. அந்த வகையைத் தேடும் வசதி என் மென்பொருளில் இருந்தது, ஆனால் அணைக்கப்பட்டிருந்தது.

எக்ஸ்பிளோட் என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் உருவாக்கிய ஆட்வ்கிளீனர், 2016 அக்டோபரில் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. தனிமனித உழைப்பில் வளர்ந்த நல்ல கருவிகள் நிறுவனங்களிடம் சென்றபின் பெருத்துப்போவதைப் பார்த்திருந்ததால் எனக்குக் கவலை இருந்தது. இன்று வரை அது இலவசமாகவும், நிறுவத் தேவையில்லாத ஒற்றைக் கோப்பாகவும் இருப்பது உண்மையிலேயே நிறைவளிக்கிறது. கோப்புறைகள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), சர்வீஸ்கள் (பின்னணியில் இயங்கும் நிரல்கள்), திட்டமிட்ட பணிகள், ஷார்ட்கட்கள், உலாவி நீட்சிகள் (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்கள்) ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சோதித்து, கண்டதைப் பட்டியலிடும். வேண்டியவற்றின் டிக்கை எடுத்துவிட்டு மற்றவற்றைக் குவாரண்டைன் என்ற தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பலாம். தவறு நேர்ந்தால் அங்கிருந்து மீட்கவும் முடியும். விண்டோஸில் மட்டுமே இயங்கும். கணினியை எந்நேரமும் காவல் காக்கும் வேலையை அது செய்வதில்லை. அழைத்தால் வந்து துடைத்துவிட்டுப் போகும்.

அந்த முதல் சோதனையில் 47 பதிவுகள் சிக்கின. நீக்கினேன், மறுதொடக்கத்துக்குப் பின் உலாவி தூய்மையாகத் திறந்தது. மறுநாள் காலை அதே தேடல் பக்கம் திரும்பி வந்திருந்தது. மறுபடி சோதித்தேன், மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. ஆட்வேர் நீக்கத்தில் நான் கற்றதெல்லாம் இந்த 'மறுபடி'யிலிருந்து கற்றதே. கண்ணுக்குத் தெரியும் நீட்சியும் தேடல் பக்கமும் விளைவுகள் மட்டுமே. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் ஒன்று வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காதவரை எத்தனை முறை சோதித்தாலும் வேலை முடியாது.

என் கணினியில் அது, நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்தது. எழுத்துகளும் எண்களும் கலந்த பொருளற்ற பெயர் கொண்ட ஒரு பணி, பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்ற மறைவிடத்தில் கிடந்த ஒரு ஸ்கிரிப்டை நாள்தோறும் காலையில் ஓடவிட்டு, நீக்கப்பட்ட நிரலை இணையத்திலிருந்து மீண்டும் இறக்கிக்கொண்டிருந்தது. கருவி அந்தப் பெயரை அறிந்திருக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் நிரல்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும் அந்த நிரலில், மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைக்கும் தேர்வை இயக்கிவிட்டால், நூற்றுக்கணக்கான வரிகள் சில டஜன்களாகச் சுருங்கிவிடும். வெளியீட்டாளர் பெயர் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அதன்பின் கடினமில்லை. ஐயம் தரும் பதிவை உடனே அழிக்காமல், டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ஒரு நாள் கவனிப்பது என் வழக்கம்.

இரண்டாவது மறுவருகை எனக்கு இன்னும் அதிகக் குழப்பத்தைத் தந்தது. சில மாதங்களுக்குப் பின் ஒரு மடிக்கணினியில் குரோம் நீட்சி ஒன்றை நீக்கினேன். உலாவியை ரீசெட் செய்தேன். ஆட்டோரன்ஸிலும் எதுவும் இல்லை. ஆயினும் மாலைக்குள் நீட்சி திரும்பிவிட்டது. காரணம், அதே கணக்கில் உள்நுழைந்திருந்த மேசைக் கணினி. அங்கே இருந்த நீட்சியைக் குரோமின் சிங்க் வசதி, தன் கடமையென, தூய்மைப்படுத்திய கணினிக்கும் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முதலில் எல்லாக் கருவிகளிலும் சிங்கை நிறுத்துகிறேன். ஒவ்வொன்றிலும் நீட்சியை நீக்குகிறேன். கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ள சிங்க் தரவை அழிக்கிறேன். அதற்குப் பிறகே மீண்டும் இயக்குகிறேன். இந்த வரிசை மாறினால் பாடு முழுவதும் வீண்.

மூன்றாவது வகை, நீக்கு பொத்தானே வேலை செய்யாத நீட்சி. தனிமனிதர் ஒருவரின் வீட்டுக் கணினியில், குரோமின் பட்டியலில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி தென்பட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். அலுவலகங்கள் தம் கணினிகளில் நீட்சிகளைக் கட்டாயமாக நிறுவுவதற்கென வைக்கப்பட்ட பாலிசி வசதியை ஆட்வேர் தனக்கு எடுத்துக்கொள்கிறது. உலாவியை ரீசெட் செய்தாலும் அது போகாது. ஏனெனில் அது உலாவியின் சுயவிவரத்தில் இல்லை, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ஆட்வ்கிளீனரின் அமைப்புகளில் குரோம் பாலிசிகளை மீட்டமைக்கும் தேர்வு உண்டு. இயல்பாக அணைந்திருக்கும் அதை இயக்கிவிட்டுச் சுத்தம் செய்தபோது, ஒரு மணி நேரமாக அசையாமல் இருந்த நீட்சி ஒரே மறுதொடக்கத்தில் போய்விட்டது. சில பாதுகாப்பு மென்பொருள்களும் நியாயமான காரணத்துக்காகப் பாலிசி எழுதுவதுண்டு என்பதால், அந்த வரியைக் கண்டவுடன் பதறாமல், எந்தப் பாலிசி என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. அலுவலகம் தந்த கணினியாக இருந்தால் அதைத் தொடவே கூடாது.

நீக்கிய பிறகு இணையமே நின்றுபோவதும் உண்டு. உடன் பணிபுரியும் ஒருவரின் கணினியில் ஆட்வேர் தன்னை ஒரு உள்ளூர் பிராக்சியாக, அதாவது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடையாளாக, அமைத்துக்கொண்டு, போகும் வரும் பக்கங்களில் எல்லாம் விளம்பரம் செருகிக்கொண்டிருந்தது. நிரலை அழித்தேன், ஆனால் அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரிக்குப் போகச் சொல்லும் பிராக்சி அமைப்பு அப்படியே நின்றது. அங்கே பதில் சொல்ல எவரும் இல்லாததால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. நான் கணினியைக் கெடுத்துவிட்டதாகவே அவர் சிறிது நேரம் எண்ணினார். விண்டோஸின் பிராக்சி அமைப்பை அணைத்தவுடன் எல்லாம் சரியானது. அதேபோல் ஒரு தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும், டிஎன்எஸ் முகவரிகளையும், டெஸ்க்டாப்பில் உள்ள உலாவி ஷார்ட்கட்டின் பண்புகளில் இலக்கு வரியின் வாலில் ஏதேனும் இணைய முகவரி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுகிறேன்.

உலாவிகளின் சொந்த ரீசெட் வசதிகளைப் பற்றி ஒரு சொல். குரோமில் அது நீட்சிகளை முடக்கி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் தங்கும். ஃபயர்ஃபாக்ஸின் 'புதுப்பி' வசதி எனக்கு இன்னும் பிடித்தது. நீட்சிகளை அடியோடு நீக்கிவிட்டு, பழைய தரவை ஒரு கோப்புறையாக டெஸ்க்டாப்பில் வைத்துவிடுகிறது. குரோமுக்குள்ளேயே இருந்த சுத்திகரிப்புக் கருவியைக் கூகுள் 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதைத் தேடச் சொல்கின்றன, வீணாகத் தேட வேண்டாம்.

ஆட்வ்கிளீனரிடம் குறைகளும் உண்டு. கணினியோடு வந்த தயாரிப்பாளரின் மென்பொருள்களையும் அது பட்டியலில் சேர்க்கிறது. தனிப் பிரிவாகவே காட்டினாலும், அவசரத்தில் அனைத்தையும் தேர்ந்து நீக்கியதில் ஒரு மடிக்கணினியின் சிறப்பு விசைகள் வேலை செய்யாமல் போயின. குவாரண்டைனிலிருந்து மீட்ட பிறகே அவை உயிர் பெற்றன. சோதனை அறிக்கைகள் சி டிரைவில் கருவியின் பெயரிலேயே உள்ள கோப்புறையில் சேர்வது பெரிய உதவி. சென்ற முறையின் அறிக்கையை இந்த முறையோடு ஒப்பிட்டால், திரும்பி வருவது எது என்பது தெரிந்துவிடுகிறது. புதிய நிரல்களை அடையாளம் காண அதற்குச் சில நாட்கள் ஆவதுண்டு என்பதால், ஐயம் நீங்காவிட்டால் மால்வேர்பைட்ஸின் முழு மென்பொருளையும் ஒருமுறை ஓடவிடுகிறேன்.

அண்மை ஆண்டுகளில் வரும் முறையீடுகளில் கணிசமானவற்றுக்கு எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை. என் தந்தையின் கணினியில், திரையின் வலது கீழ் மூலையில், 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்ற எச்சரிக்கை சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. "நான் எதையும் நிறுவவில்லையே" என்றார் அப்பா. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆட்வ்கிளீனரும் எதையும் காணவில்லை. ஏதோ ஒரு பக்கத்தில் 'நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்கப்பட்டு, அவர் அழுத்தியிருக்கிறார். அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் உரிமை கிடைத்துவிட்டது. விண்டோஸின் சொந்த அறிவிப்பைப் போலவே தோன்றும் அந்த எச்சரிக்கைகளை அனுப்பியது அதுதான். உலாவியின் தள அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதியைத் திறந்து, அறிமுகமில்லாத 11 தளங்களை நீக்கினேன். இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வையும் இயக்கினேன். ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் இரண்டு வாரங்கள் அவர் கணினியைத் திறக்கவே அஞ்சியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நல்ல நீட்சியும் கெட்டுப்போகலாம். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் நீட்சி 2020இல் வேறொருவருக்குக் கைமாறியது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று முடக்கியது. பயனர்கள் புதிதாக எதையும் நிறுவவில்லை. தானியங்குப் புதுப்பிப்பே போதுமானதாக இருந்தது. ஆகவே, நீட்சிகளின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். விண்டோஸ் செக்யூரிட்டியில், நற்பெயர் அடிப்படையிலான பாதுகாப்பு என்ற பகுதியில், விரும்பத்தகாத செயலிகளைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. நான் கைவைக்கும் ஒவ்வொரு கணினியிலும் அது இயங்குகிறதா என்று பார்க்கிறேன். அதில் பதிவிறக்கங்களைத் தடுக்கும் உட்தேர்வு எட்ஜ் உலாவிக்கு மட்டுமே பொருந்தும். குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ பயன்படுத்துவோர் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு கணினியில்தான் நீக்கும் முயற்சியையே கைவிட்டேன். அதில் இருந்த ஆட்வேர், மறையாக்கம் செய்யப்பட்ட பக்கங்களிலும் விளம்பரம் செருகுவதற்காக, தன் சொந்த மூலச் சான்றிதழை (எந்தத் தளம் உண்மையானது என்று கணினி நம்புவதற்கு அடிப்படையானது) விண்டோஸில் பதித்திருந்தது. லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டு, 2015 பிப்ரவரியில் பெரும் சர்ச்சையான சூப்பர்ஃபிஷ் செய்ததும் இதுவே. நிரலை நீக்கிய பிறகும் அதன் சான்றிதழ் கணினியில் தங்கிவிடுவதுதான் அதில் மிகவும் ஆபத்தான பகுதியாக இருந்தது. நான் பார்த்த கணினியிலும் சோதனைகள் தூய்மை என்றன. ஆனால் ஒரு வங்கிப் பக்கத்தின் பூட்டுக் குறியைச் சொடுக்கிப் பார்த்தபோது, சான்றிதழை வழங்கியவர் பெயரில் அந்த ஆட்வேரின் பெயர் இருந்தது. சான்றிதழை அழித்தேன், மறுதொடக்கத்தில் திரும்பியது. அதைத் திரும்ப வைப்பது எது என்று ஒரு மாலை முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி வட்டில் எடுத்துவைத்து, நிறுவிகள் எதையும் படியெடுக்காமல், விண்டோஸை அடியிலிருந்து மறுபடி நிறுவினேன். உரிமையாளர் வேறொரு கணினியில் அமர்ந்து தம் வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினார். மறுநிறுவல் முடிந்ததும் முதலில் திறந்தது அதே வங்கிப் பக்கத்தைத்தான். சான்றிதழை வழங்கியவர் பெயர் இம்முறை சரியாக இருந்தது.